முப்பத்தொரு கிலோ இருநூற்றைம்பது கிராம்

பூட்டுக்காரர் கை வைத்துத் திறக்காத பூட்டு அந்தத் தெருவில் கிடையாது. சாவி தொலைந்த பீரோ, துருப்பிடித்த கேட், குழந்தை உள்பக்கமாகத் தாழ் போட்டுக்கொண்ட குளியலறை, எதுவானாலும் கால் மணி நேரம்தான். சாவி சேரவில்லையா, சாவியைத் தேய்ப்பார். அப்போதும் சேரவில்லையா, பூட்டைக் கழற்றி உள்ளே என்ன சங்கதி என்று பார்ப்பார். இப்படி முப்பது வருஷம் நிம்மதியாகப் பிழைத்த மனுஷனை ஒரு நம்பர் வந்து மூலையில் உட்கார வைத்துவிட்டது. பூட்டும் இல்லை, சாவியும் இல்லை, வெறும் எட்டு இலக்க நம்பர்.

அவர் மனைவிக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. பேச்சு போயிற்று. வலது கை போயிற்று. கழுத்து தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருந்ததால் அவள் ஆமாம் என்கிறாளா இல்லை என்கிறாளா என்று பெற்ற தாய் வந்தாலும் சொல்ல முடியாது. மிச்சம் இருந்தது இடது கைக் கட்டைவிரல் ஒன்றுதான். அந்த விரலுக்காக ஒரு பெட்டி வாங்கினார்கள். செங்கல் அளவு, மேலே நாலு பட்டன். கம்ப்யூட்டரில் சொருகிவிட்டு அவள் அழுத்த அழுத்தத் திரையில் எழுத்து சேரும், வார்த்தை சேரும், கடைசியில் கம்ப்யூட்டர் அதை ஒரு பெண்குரலில் சொல்லும். ஏற்ற இறக்கமே இல்லாத குரல். "என்னங்க. குழாய் சொட்டுது. மூணு நாளா சொல்றேன்." முதலில் அவருக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு அந்தக் குரல் 'என்னங்க' என்றாலே கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வரப் பழகிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவள் வெகுநேரம் அழுத்தினாள். கம்ப்யூட்டர் சொன்னது: "என்னங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா மனசுல இருக்கு. அன்னிக்கு நீங்க"

அந்த நேரம் பார்த்து வாசலில் மணி அடித்தது. யாரோ வாடிக்கைக்காரர். "இரு, இதோ வந்துட்டேன்" என்று எழுந்தார். கால் வயரில் சிக்கியது. பெட்டி தரையில் விழுந்து இரண்டாகப் பிளந்தது.

அன்னிக்கு நீங்க. சரி, அதற்கப்புறம்? கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். அதில் எந்த அன்னிக்கு? தன் தப்பையெல்லாம் வரிசையாக நினைத்துப் பார்த்தார். வரிசை நீளமாகத்தான் இருந்தது. நல்லது எதுவும் செய்திருக்கிறோமா என்றும் நினைத்துப் பார்த்தார். அந்த வரிசை சீக்கிரம் முடிந்துவிட்டது. அ, ஆ, இ என்று எழுத்தை ஒவ்வொன்றாகச் சொல்லி, வேண்டிய எழுத்து வந்ததும் விரலைத் தூக்கச் சொல்லலாம் என்று ஆரம்பித்தார். இருநூற்று நாற்பத்தேழு எழுத்து. 'கௌ'வைத் தாண்டும்போது அவள் தூங்கிவிட்டாள். மறுநாளும் அப்படித்தான், அதற்கு மறுநாளும் அப்படித்தான்.

பத்து நாளில் புதுப் பெட்டி வந்தது. அதே கம்பெனி, அதே நாலு பட்டன், அதே நிறம். வந்ததும் வராததுமாகச் சொருகினார். திரையில் ஒரு வரி வந்தது.

'தராசு இணைக்கப்பட்டது.'

"என்ன எழவுடா இது?" என்றார். அவள் அழுத்தினாள். திரையில் எழுத்து வரவில்லை. 12 கிலோ 400 கிராம் என்று வந்தது.

அவள் தம்பி, அதாவது பூட்டுக்காரரின் வழுக்கை மச்சினன், கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தான். வந்து பார்த்துவிட்டுத் தலையைத் தடவிக்கொண்டான்.

"மாமா, ஒவ்வொரு கருவிக்குள்ளயும் ரெண்டு நம்பர் இருக்கும். செஞ்சவன் நம்பர் ஒண்ணு, சாமான் நம்பர் ஒண்ணு, ரெண்டும் சேந்து எட்டு இலக்கம். சொருகினதும் கருவி அந்த நம்பரைச் சொல்லும். கம்ப்யூட்டர் அடிவயித்துல கெர்னல்னு ஒண்ணு இருக்கு. அது ஒரு பட்டியலைப் புரட்டிப் பாக்கும். அந்த நம்பருக்கு நேரா எந்த டிரைவர், அதாவது கருவியை ஓட்டற புரோகிராம், பேர் போட்டிருக்கோ, அந்த டிரைவரைக் கூப்பிட்டு 'இந்தா, இது உன் ஆளு'ன்னு ஒப்படைச்சிடும். முன்னாடி இருந்த பெட்டி நம்பருக்கு நேரா பேச்சு டிரைவர் இருந்துச்சு. இந்தத் தடவை கம்பெனிக்காரன் உள்ள மலிவு சிப்பைப் போட்டுட்டான். சிப்பு செஞ்சவன் சொந்தமா நம்பர் வாங்காம, என்னிக்கோ மூடிப்போன ஒரு தராசுக் கம்பெனி நம்பரைத் தூக்கிப் போட்டுட்டான்."

"அப்ப பட்டியல்ல மாத்தினா சரியாப் போச்சு."

"ஒரே ஒரு வரி மாமா. ஆனா நான் மாத்த முடியாது. இந்தப் பட்டியலுக்குன்னே ஒரு வாரியம் இருக்கு, அவங்க முத்திரை இல்லாத கெர்னலைக் கம்ப்யூட்டர் ஏத்துக்காது, எழுந்திருக்கவே எழுந்திருக்காது. அவங்கதான் மாத்தணும்."

"ஒரு வரிதானே. போய்க் கேட்டா மாத்திட்டுப் போறாங்க" என்றார் பூட்டுக்காரர். பாவம், நல்ல மனுஷன்.

கருவி அடையாளப் பொருத்த வாரியம் ஏழு மாடிக் கட்டடம். அதில் ஆறு மாடியில் பட்டியல் இருந்தது, ஒரு மாடியில் ஆள் இருந்தார்கள். கவுண்டரில் உட்கார்ந்திருந்த எழுத்தர் விண்ணப்பத்தை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, திருப்பித் தந்தார்.

"வரி ஆரம்பத்துல இடம் விட்டிருக்கீங்க."

"ஆமா சார். விடணும்னு பலகையில போட்டிருக்கே."

"விடணும். நீங்க எட்டு சின்ன இடம் விட்டிருக்கீங்க. நாங்க கேக்கறது ஒரு பெரிய இடம்."

பூட்டுக்காரர் காகிதத்தைப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது. "ரெண்டும் ஒரே அகலம்தானே சார்?"

"அகலம் ஒண்ணுதான். பாத்தா வித்தியாசமே தெரியாது. அந்த வித்தியாசத்தைக் காப்பாத்தத்தான் நாங்க இருக்கோம்."

வீட்டுக்குப் போய் எட்டு சின்ன வெறுமையை அழித்துவிட்டு ஒரு பெரிய வெறுமையைப் போட்டு வந்தார். அடுத்த தடவை, விண்ணப்பத்தில் 'சேர்க்க வேண்டுகிறேன்' என்று கெஞ்சியிருக்கக் கூடாது, கட்டளை போல எழுத வேண்டும் என்றார் எழுத்தர். கட்டளை போல எழுதிக்கொண்டு போனார். இவ்வளவு மரியாதை இல்லாமல் எழுதியிருப்பவர் யார் என்று எழுத்தர் எட்டிப் பார்த்தார். அதற்கடுத்த தடவை விண்ணப்பம் சரியாக இருந்தது. ஆனால் பேச்சுக் கருவிப் பிரிவு அதைத் தொட மாட்டோம் என்று சொல்லிவிட்டது. நம்பர்படி அது தராசு. தராசென்றால் தராசுப் பிரிவுதான் பார்க்க வேண்டும்.

தராசுப் பிரிவின் பொறுப்பாளர் கண்ணியமான மனிதர். நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், பூட்டுக்காரர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். கேட்டுவிட்டு நம்பரை மட்டும் குறித்துக்கொண்டார்.

"பத்தொன்பது வருஷமா இந்தப் பிரிவைப் பாத்துக்கறேன். ஒன்பதாயிரம் தராசு என் பட்டியல்ல இருக்கு. இதுவரைக்கும் ஒரு தராசைக் கூடக் கண்ணால பாத்ததில்ல. பாத்தா மனசுல ஒரு சார்பு வந்துடும்."

"சார், நான் பெட்டியைக் கையோட கொண்டு வந்திருக்கேன். ஒரு தடவை பாருங்க. நாலு பட்டன் இருக்கு. தட்டு இல்ல, கொக்கி இல்ல, ஒண்ணும் இல்ல."

பொறுப்பாளர் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டார். "தயவுசெஞ்சு உள்ள வைங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

பூட்டுக்காரர் பெட்டியைப் பைக்குள் வைத்தார். பை மூடிய சத்தம் கேட்ட பிறகுதான் அவர் கண்ணைத் திறந்தார்.

"வாரியத்துக்கு ஒரே ஒரு தர்மம்தான்யா. நேத்து வரைக்கும் வேலை செஞ்சது நாளைக்கும் வேலை செய்யணும். நான் இந்த நம்பரை எடுத்துப் பேச்சு டிரைவருக்குக் குடுத்துட்டேன்னு வைங்க, இதே நம்பர் தராசு வெச்சிருக்கிறவங்க கதி என்னாகும்?"

"யார் சார் வெச்சிருக்காங்க?"

பொறுப்பாளர் ஒரு கோப்பைப் புரட்டினார். "அந்தக் கம்பெனி மொத்தம் ரெண்டு தராசு செஞ்சுது. ஒண்ணு கண்காட்சியில வெச்சப்பவே எரிஞ்சு போச்சு."

"இன்னொண்ணு?"

"காணோம். இருபத்திரண்டு வருஷமாக் காணோம். ஆனா காணாமப் போனது திரும்பி வரக் கூடாதுன்னு சட்டம் இருக்கா? திடீர்னு ஒரு நாள் யாரோ பரண்ல இருந்து எடுத்துத் தூசி தட்டிச் சொருகறார். வேலை செய்யல. அவர் முகத்தை நான் எப்படிப் பாப்பேன்?"

"என் பொண்டாட்டி முகத்தை நான் தினம் பாக்கறேனே சார்."

"அது உங்க தனிப்பட்ட விஷயம்" என்றார் பொறுப்பாளர், நிஜமான வருத்தத்தோடு. கடைசியில் ஒரு வழி சொன்னார். விதிவிலக்குப் பட்டியல் என்று ஒன்று உண்டு. முழு அமர்வு கூடி விசாரிக்கும். கருவியைப் பயன்படுத்துகிறவர் நேரில் வந்து, இது தராசு இல்லை என்று தன் வாயால் சொன்னால் பரிசீலிப்பார்கள்.

"அவளால பேச முடியாதுங்கறதுக்குத்தானே சார் இந்தப் பெட்டியே!"

"பெட்டி மூலமாச் சொல்லலாம். தடையே இல்ல. நாங்க என்ன கல் நெஞ்சுக்காரங்களா?"

விசாரணைத் தேதிக்கு நாலு மாதம் இருந்தது. அந்த நாலு மாதத்தில் பூட்டுக்காரர் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார். நம்பர் பூட்டைத் திறக்கிற புத்தி அவருக்குள் இன்னும் சாகவில்லை. அவள் எதை அழுத்துகிறாளோ அதைக் கூட்டித்தான் தராசு டிரைவர் எடையாகக் காட்டுகிறது, ஆகவே ஒரே பேச்சுக்கு ஒரே எடைதான் வரும் என்று மச்சினன் சொல்லியிருந்தான். 12 கிலோ 400 என்றால் தண்ணீர். 3 கிலோ 100 என்றால் போதும். 7 கிலோ 650 என்றால் ஜன்னலைச் சாத்து. இப்படி ஒரு பக்கம் நிறைந்தது. கொஞ்சம் தெம்பு வந்தது. ஒரு நாள் 12 கிலோ 400 வந்தது. தண்ணீர் கொண்டு போனார். அவள் கண்ணாலேயே எரித்தாள். மின்விசிறியை நிறுத்தச் சொன்னதும் அதே எடைதான் என்று குளிரில் அவள் நடுங்கும்போதுதான் தெரிந்தது. அதன்பிறகு 12 கிலோ 400 வந்தால் தண்ணீரும் கொடுத்துவிட்டு மின்விசிறியையும் நிறுத்தினார்.

அந்த நோட்டில் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு எடை இருந்தது. "அன்னிக்கு நான் என்ன பண்ணேன்? அதை மட்டும் சொல்லேன்" என்று அவர் எப்போது கேட்டாலும் அவள் விரல் வெகுநேரம் வேலை செய்யும். திரையில் 31 கிலோ 250 கிராம் வந்து நிற்கும். காலையில் கேட்டாலும் அதுதான், மத்தியானம் கேட்டாலும் அதுதான். ஒரு கிராம் கூடக் குறைந்தது இல்லை. இவ்வளவு கனமாக என்னத்தைச் சொல்கிறாளோ என்று ராத்திரியெல்லாம் அந்தப் பக்கத்தையே திறந்து வைத்துக்கொண்டிருந்தார். கோபம் என்றால் திட்டித் தீர்க்கட்டும், வாங்கிக்கொள்ளலாம். அன்பு என்றால், அதை இத்தனை வருஷம் கழித்தா எடையில் கேட்க வேண்டும்!

விசாரணை நாள் வந்தது. மச்சினனும் அவருமாகச் சக்கர நாற்காலியைப் படியில் தூக்கிக்கொண்டு போனார்கள். மேடையில் மூன்று பேர். நடுவில் தலைவர். அறைக்கு வந்ததும் தலைவர் எழுந்து நின்று அவளுக்கு வணக்கம் சொன்னார். பூட்டுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அம்மா, பயப்படாதீங்க. இது உங்க இடம். எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடுத்துக்குங்க. உங்க கருவியை எங்க கம்ப்யூட்டர்லயே சொருகிக்கலாம்."

அவர்கள் கம்ப்யூட்டரிலும் அதே கெர்னல்தான். 'தராசு இணைக்கப்பட்டது' என்று பெரிய திரையில் வந்தது. பூட்டுக்காரர் பதறி எழுந்தார்.

"சார், இதைத்தான் நான்..."

"உக்காருங்க. சாட்சியைக் குறுக்கிடக் கூடாது" என்றார் தலைவர்.

அவள் நாற்பது நிமிஷம் பேசினாள். விரல் வீங்கிப்போகும் வரை பேசினாள். நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடியும் பேசினாள். நடுவில் அவள் கண்ணில் தண்ணீர் வழிந்தது. எழுத்தர் ஒன்று விடாமல் குறித்துக்கொண்டார். 19 கிலோ 300. 8 கிலோ 50. 44 கிலோ 700. மூன்று உறுப்பினர்களும் முகவாயில் கை வைத்து உன்னிப்பாகக் கேட்டார்கள். முடிந்ததும் தலைவர் தொண்டையைச் செருமினார்.

"என் இத்தனை வருஷ அனுபவத்துல இவ்வளவு தெளிவான சாட்சியம் நான் கேட்டதில்ல. இந்த அம்மா யாருடைய வற்புறுத்தலும் இல்லாம, மொத்தம் இருநூத்திப் பதினாறு கிலோ சொல்லியிருக்காங்க. ஒரு தடவையாவது இது தராசு இல்லைன்னு சொன்னாங்களா? இல்ல. புருஷன்காரர் ஆயிரம் சொல்லலாம். புருஷங்க பொண்டாட்டிக்காகப் பேசின காலம் போச்சு. பயன்படுத்தறவங்க குரலுக்குத்தான் இந்த வாரியம் மதிப்புக் குடுக்கும்."

உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். மச்சினன் வழுக்கைத் தலையில் அடித்துக்கொண்டான். "அவங்க சொன்னதை நீங்க எடை போட்டுட்டீங்களேய்யா!" என்று கத்தினான். அதைக் குறிப்பில் ஏற்றலாமா என்று எழுத்தர் கேட்டார். சொன்னவர் கருவி எதையும் சொருகவில்லை, ஆகவே வேண்டாம் என்றார் தலைவர்.

தீர்ப்பு ஒரு வாரத்தில் வீட்டுக்கு வந்தது. கருவி தராசு என்று உறுதி செய்யப்படுகிறது. மேலும், முத்திரை இல்லாத தராசை இத்தனை மாதம் வீட்டில் வைத்திருந்தது குற்றம் என்றாலும், சாட்சியின் உடல்நிலை கருதி வாரியம் அதை மன்னிக்கிறது. முத்திரை ஆய்வாளர் நேரில் வந்து சோதிப்பார். தட்டில் ஒன்றும் இல்லாதபோது தராசு ஐந்து நிமிஷம் சைபர் காட்ட வேண்டும். காட்டினால் முத்திரை. காட்டாவிட்டால் பறிமுதல்.

"போகட்டும் மாமா, பறிமுதல் பண்ணட்டும்" என்றான் மச்சினன்.

"போடா. பன்னிரண்டு கிலோ நானூறாவது மிச்சம் இருக்கு. அதையும் குடுத்துட்டு அவ மூஞ்சியில நான் எப்படி முழிக்கறது?" என்றார் பூட்டுக்காரர். இந்தப் பெட்டியை விட்டால் வேறு பெட்டி கிடையாது. கம்பெனிக்காரன் இப்போது செய்கிறது எல்லாம் அந்தச் சிப்புதான்.

ஆய்வாளர் ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு வந்தார். செருப்பை வாசலிலேயே கழற்றினார். அவளைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களாம்மா?" என்று கேட்டார். அவள் பதில் சொன்னாள்.

"5 கிலோ 900 காட்டுதே" என்றார் ஆய்வாளர்.

"நல்லா இருக்கேன்னு சொல்றா சார்."

ஆய்வாளர் சிரித்துக்கொண்டே கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். "அஞ்சு நிமிஷம். ஆரம்பிக்கலாமா?"

பூட்டுக்காரர் மனைவி பக்கத்தில் மண்டியிட்டார். "கொஞ்ச நேரம் எதுவும் அழுத்தாதே, என்ன? அஞ்சே நிமிஷம். இவர் போனதும் நாள் பூரா பேசு. இல்லேன்னா எடுத்துட்டுப் போயிடுவாங்க. புரியுதா?"

அவள் அவரையே பார்த்தாள். கழுத்து ஆடிக்கொண்டிருந்தது.

சைபர் வந்தது. ஒரு நிமிஷம் போயிற்று. அப்புறம் அவள் கட்டைவிரல் மெதுவாக நகர்ந்தது. பட்டன் ஒன்று, மூன்று, மறுபடி ஒன்று. திரையில் எண் ஏறத் தொடங்கியது. அவர் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். விரல் நிற்கவில்லை. இருபது கிலோ. இருபத்தேழு. 31 கிலோ 250 கிராம்.

"ஒண்ணுமே வைக்காம முப்பத்தொரு கிலோ காட்டுதேங்க" என்றார் ஆய்வாளர். அவருக்கே சங்கடமாக இருந்தது.

"ஒண்ணும் இல்லாம இல்ல சார்."

"தட்டுல என்னங்க இருக்கு?"

பூட்டுக்காரர் வாயைத் திறந்தார். அவருக்கும் தெரியாதே! என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தானே இத்தனை மாதமாக அலைகிறார்.

"விதிப்படி நான் எழுதிட்டுப் போயிருக்கணும். உங்க நிலைமையைப் பாத்து இன்னொரு தடவை பாக்கறேன்" என்றார் ஆய்வாளர். "தராசு மேல கை படாமப் பாத்துக்குங்க. அவ்வளவுதான்."

பூட்டுக்காரர் எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். பிறகு அவள் கட்டைவிரலை இரண்டு கையாலும் பிடித்துப் பெட்டியிலிருந்து தூக்கினார். அவள் இழுத்தாள். அந்த உடம்பில் பலம் இருந்த ஒரே இடம் அது, நல்ல பலம் இருந்தது. அவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். முப்பது வருஷம் அரம் பிடித்த கை, அவள் விரல் அதற்கு எம்மாத்திரம்? திரையில் சைபர். ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூட்டுக்காரர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. மூன்றாவது நிமிஷத்தில் விரல் இழுப்பதை நிறுத்தியது.

"அஞ்சு நிமிஷம்" என்றார் ஆய்வாளர். "துளி அசையல. அருமையான தராசுங்க." பெட்டியின் முதுகில் ஈய முத்திரையைப் பதித்தார், காகிதத்தில் கையெழுத்து வாங்கினார், வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

பூட்டுக்காரர் கதவைச் சாத்திவிட்டு ஓடி வந்தார். அவள் விரலைத் தேய்த்துவிட்டார். சிவந்திருந்தது. அதைத் தூக்கி மெல்லப் பட்டன் மேல் வைத்தார். நோட்டைத் திறந்து கடைசிப் பக்கத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அவர் போயாச்சு. பெட்டி நம்மளுதுதான், இனி யாரும் கேக்க மாட்டாங்க. இப்பச் சொல்லும்மா. அன்னிக்கு நான்?"

விரல் பட்டன் மேலேயே இருந்தது. அவர் காத்திருந்தார். திரை துளி அசையாமல் சைபர் காட்டிக்கொண்டிருந்தது.